கூத்துக்காரர் சொன்ன சொந்தக் கதை!

ஊர் ஊராகப் போய் ராமர் கதையைச் சொன்னார்கள். அவர்களுடைய சொந்தக் கதை என்ன? அதை யாரும் கேட்கவில்லை!

அவர்கள்தான் நாஞ்சில் நாட்டுத் தோல்பாவைக்கூத்துக்காரர்கள்.

வீட்டில் பேசுவது மராத்தி. கூத்தில் பேசுவது நல்ல தமிழ்! மராட்டியர் தஞ்சையை ஆண்ட காலத்தில் இவர்களுடைய முன்னோர் தமிழகம் வந்தார்கள் என்று கருதப்படுகிறது.

ஒரே ஆள், பல குரல்!

ஆட்டுத்தோலைச் சுரண்டி மெல்லிசாக்குவார்கள். உருவம் வெட்டிச் சாயம் தீட்டுவார்கள். வெள்ளைத் திரைக்குப் பின்னால் விளக்கு எரியும்.

ராமருக்கும் ராவணனுக்கும் ஒருவரே குரல் கொடுப்பார். சீதைக்காகப் பெண் குரலில் அழவேண்டும். அடுத்த நொடியே ராவணனாகச் சிரிக்கவேண்டும்! உச்சிக்குடும்பனும் உளுவத்தலையனும் வந்துவிட்டாலோ, குழந்தைகள் வயிறு குலுங்கச் சிரிப்பார்கள்.

கையில் ஏடு கிடையாது. தகப்பன் சொல்ல, மகன் காதால் கேட்டு மனதில் வைத்ததுதான் எல்லாம். பெரியவர் கண்ணை மூடினால் கதையும் அவரோடு போய்விடும்.

தேடிப்போன பேராசிரியர்

நாகர்கோவிலை அடுத்த பறக்கையில் 1947-ல் பிறந்தவர் அ.கா.பெருமாள். ஆரல்வாய்மொழி அறிஞர் அண்ணா கல்லூரியில் தமிழ்ப் பேராசிரியராக இருந்தார். பரமசிவ ராவ் போன்ற கூத்துக் கலைஞர்களைத் தேடிப்போய், அவர்களோடு உட்கார்ந்து பேசினார்.

கூத்தை மட்டும் கேட்டு எழுதிக்கொண்டு திரும்பியிருக்கலாம். பலர் அப்படித்தான் செய்வார்கள். பெருமாளோ கூத்து நடத்துகிறவரின் பாட்டையும் கேட்டார். என்ன சாப்பிட்டீர்கள்? எங்கே படுத்தீர்கள்? பிள்ளைகள் படித்தார்களா?

அப்போதுதான் கதவு திறந்தது!

பாவைப் பெட்டியோடும் பெண்டு பிள்ளைகளோடும் ஊர் விட்டு ஊர் போன வாழ்க்கை அது. மழை பொய்த்தால் ஊரார் கூப்பிட்டுக் கூத்து வைப்பார்கள். ராமாயணம் பத்து நாள் நடக்கும். கடைசி நாள் பட்டாபிஷேகம். அன்று ஊரார் மனம் குளிர்ந்து கொடுத்தால்தான் குடும்பத்துக்குக் கஞ்சி.

பிறகு சினிமா வந்தது. கூட்டம் குறைந்தது. சினிமாப் பாட்டைக் கூத்தில் சேர்த்துப் பார்த்தவர்களும் உண்டு. என்ன செய்வது, வயிறு இருக்கிறதே!

கடலுக்கு அப்பால்

ஆஸ்திரேலியாவில் இந்த வேலையை அரசாங்கமே செய்கிறது. கான்பெரா நகரில் உள்ள தேசிய நூலகம், 1950-களிலிருந்து மனிதர்களின் குரலைப் பதிவுசெய்து சேர்த்து வருகிறது. பெரிய மனிதர்கள் மட்டுமல்ல, ஆட்டு ரோமம் கத்தரிக்கும் கூலியாளும் தம் வாழ்க்கையைச் சொல்லலாம்!

சுசீந்திரம் கோவிலில் கல்வெட்டுக்குப் பஞ்சமில்லை. அரசர் கொடுத்த நிலமும் நெல்லும் அதில் இருக்கும். கூத்துக்காரன் பட்டினி கிடந்ததை யார் கல்லில் வெட்டுவார்கள்?

பெருமாள் அதைப் புத்தகத்தில் எழுதினார். தோல்பாவைக்கூத்தைப் பற்றியும், கூத்துக்காரர்களைப் பற்றியும் அவர் எழுதியவை இன்று அச்சில் கிடைக்கின்றன.

கூத்துக்காரர்களின் பிள்ளைகள் பலர் வேறு தொழிலுக்குப் போய்விட்டார்கள். பழைய பாவைகள் பல, அருங்காட்சியகத்துக் கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கின்றன. அவற்றுக்குக் குரல் கொடுக்க அங்கே ஆள் இல்லை.