ஒரே அளவு சுறா: ஒன்று தாய், ஒன்று குட்டி!



மீன் விற்கிறவர்களும் கருவாடு போடுகிறவர்களும் நம் குழுக்களில் நிறைய பேர் இருக்கிறோம். ஏலத்தில் சின்னச் சுறா வந்தால் "பால் சுறா" என்று ஒரே பேர் சொல்லி எடுத்து விடுகிறோம். புட்டு செய்து கொடுத்தால் பிள்ளை பெற்றவளுக்குப் பால் ஊறும் என்கிற நம்பிக்கையில் வந்த பேர் அது. ஆனால் அந்தக் கூடையில் இரண்டு வகைச் சுறா கலந்திருக்கலாம். பெரியப்பா பிள்ளை, சித்தப்பா பிள்ளை மாதிரி இரண்டும் நெருங்கிய சொந்தம். ஒன்று அசல் பால் சுறா. இன்னொன்றை இங்கே "தட்டை மூக்கு" என்று சொல்லிக் கொள்வோம்.

எப்படிப் பிரித்துப் பார்ப்பது?

* மூக்கு: தட்டை மூக்குக்கு மண்வெட்டி போல் நன்றாகத் தட்டையாக இருக்கும். பால் சுறாவுக்கு அவ்வளவு தட்டை இல்லை.
* வாயோரம்: பால் சுறாவுக்கு வாயின் இரு ஓரத்திலும் நீளமான மடிப்பு தெரியும். மற்றதில் மடிப்பு மிகச் சிறியது.
* முதுகின் பெரிய துடுப்பு: தட்டை மூக்கில் இது நன்றாகப் பின்னால் தள்ளி இருக்கும்.

இதைத் தெரிந்து என்ன பயன்?

தட்டை மூக்கு சுமார் 35 செ.மீ. வளர்ந்தாலே தாயாகிவிடும். ஐந்தாறு மாதம் சுமந்து, பெரும்பாலும் 6 முதல் 18 குட்டி போடும். பால் சுறா அப்படி இல்லை. 70 செ.மீ.க்கு மேல் வளர்ந்த பிறகுதான் தாயாகும். நம்மைப் போல் தொப்புள்கொடி வழியாக ஊட்டி, சுமார் ஒரு வருடம் சுமக்கும். பெரும்பாலும் 2 முதல் 5 குட்டிதான். பிறக்கும்போதே குட்டி 25 முதல் 39 செ.மீ. இருக்கும்.

அதாவது, ஒன்றேகால் அடி தட்டை மூக்கு வளர்ந்த சுறா. அதே ஒன்றேகால் அடி பால் சுறா பிறந்த குட்டி! "எல்லாம் சின்ன சாதிதானே" என்று கூறு கட்டி விற்றால், ஒரு தடவைகூட ஈனாத குட்டியை விற்கிறோம். உலக அளவில் பால் சுறா குறைந்து வருவதாக 2020-இல் பட்டியலிட்டார்கள். மீன் குறைந்தால் நம் வியாபாரம் குறையும். குழுக் கடன் தவணை கட்டுவதும் சிரமம்தான்.

நாம் செய்யக் கூடியது

ஏலத்தில் மூக்கையும் வாயோரத்தையும் பார்த்து எடுப்போம். பால் சுறாக் குட்டிக்கு விலை கேட்காமல் விடுவோம். வலையில் குட்டி உயிரோடு ஏறினால் கடலிலேயே விடும்படி, தொழிலுக்குப் போகும் நம் வீட்டு ஆண்களிடம் சொல்வோம். அடுத்த குழுக் கூட்டத்தில் இதைப் பற்றிப் பேசுங்கள், சகோதரிகளே.