ஏலக்காய் விளையும் நாட்டில் நிலம் யாருக்கு?

போடிநாயக்கனூர் ஏலக்காய்ச் சந்தையில் விலை சரியும்போது வணிகர்கள் அடிக்கடி உச்சரிக்கும் அயல்நாட்டின் பெயர் குவாத்தமாலா. மேற்குத் தொடர்ச்சி மலைக்குரிய இந்தப் பயிர், 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில்தான் அந்த மத்திய அமெரிக்க நாட்டைச் சென்றடைந்தது. இன்று உலகிலேயே மிக அதிகமாக ஏலக்காய் ஏற்றுமதி செய்யும் நாடு அதுவே. ஆனால், குவாத்தமாலா மக்கள் தங்கள் சமையலில் ஏலக்காயைச் சேர்ப்பது அரிது. தம் மண்ணில் பிறருக்காக விளைவிப்பதே அந்நாட்டின் நெடுங்கதை.

திக்கால் கற்கோபுரங்களை எழுப்பிய மாயா நாகரிகத்தின் தாயகங்களுள் ஒன்று குவாத்தமாலா. 1524-இல் ஸ்பானியர் படையெடுப்பு தொடங்கியது. 1821 செப்டம்பர் 15-இல் நாடு விடுதலை பெற்றது. ஆயினும், மாயா உழவர்களுக்கு விடிவு பிறக்கவில்லை. 1870-களில் காப்பி ஏற்றுமதி பெருகியபோது ஊர்ப் பொதுநிலங்கள் தனியார் தோட்டங்களாயின. அத்தோட்டங்களில் மாயா மக்களைக் கட்டாய வேலைக்கு அனுப்ப 1877-இல் சட்டமே இயற்றப்பட்டது. அடுத்த நூற்றாண்டில் அமெரிக்காவின் 'யுனைடெட் ஃப்ரூட்' நிறுவனம் வாழைத் தோட்டங்களோடு ரயில் பாதையையும் துறைமுகத்தையும் தன் பிடிக்குள் கொண்டுவந்தது.

1944 புரட்சிக்குப் பின் குடியாட்சி மலர்ந்தது. அதிபர் ஹகோபோ ஆர்பென்ஸ் 1952-இல் நிலச் சீர்திருத்தச் சட்டம் கொண்டுவந்தார். பெரும் பண்ணைகளில் தரிசாகக் கிடந்த நிலத்தை அரசு எடுத்துக்கொண்டு, நிலமற்றோருக்கு வழங்கும். உரிமையாளருக்கு அரசுக் கடன் பத்திரங்கள் இழப்பீடாகத் தரப்படும். வரி செலுத்துவதற்காக உரிமையாளரே காட்டிய மதிப்பே நிலத்தின் விலை. வரியைக் குறைக்க மதிப்பைக் குறைத்துக் காட்டியிருந்த நிறுவனத்துக்கு இது பேரிடியானது. அரசு தர முன்வந்தது சுமார் 6.27 லட்சம் டாலர். நிறுவனத்தின் சார்பில் அமெரிக்க அரசு கேட்டதோ ஏறத்தாழ 1.58 கோடி டாலர்.

1954 ஜூனில், அமெரிக்க உளவு அமைப்பான சிஐஏ உருவாக்கிய படையெடுப்பின் அழுத்தத்தில் ஆர்பென்ஸ் பதவி விலகினார். ஏறத்தாழ ஒரு லட்சம் குடும்பங்களுக்கு வழங்கப்பட்டிருந்த நிலத்தில் பெரும்பகுதி திரும்பப் பறிக்கப்பட்டது. 1960 முதல் 1996 வரை உள்நாட்டுப் போர் நீடித்தது. இதில் இறந்தோரும் காணாமல் போனோரும் இரண்டு லட்சத்துக்கும் மேல் என ஐ.நா. ஆதரவு பெற்ற உண்மை அறியும் ஆணையம் 1999-இல் மதிப்பிட்டது. அடையாளம் காணப்பட்டவர்களில் 83 விழுக்காட்டினர் மாயா இனத்தவர்.

இன்று மத்திய அமெரிக்காவின் மிகப்பெரிய பொருளாதாரம் குவாத்தமாலாவுடையது. அரசின் கடனும் குறைவு. புள்ளிவிவர அளவில் இது ஒழுங்கான பொருளாதாரம். ஆனால், 2014-15 ஆய்வின்படி, ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் ஏறத்தாழ 46 விழுக்காட்டினர் ஊட்டக்குறைவால் வளர்ச்சி குன்றியவர்கள். வரி வருவாய் நாட்டு உற்பத்தியில் 12 விழுக்காடு அளவிலேயே நிற்பதால், அரசால் பள்ளிக்கும் மருத்துவமனைக்கும் போதிய அளவு செலவிட முடிவதில்லை. பிழைப்புத் தேடி அமெரிக்கா சென்றவர்கள் அனுப்பும் பணமோ உற்பத்தியில் ஐந்தில் ஒரு பங்குக்கு நிகராகிவிட்டது. நிலம் தர மறுக்கப்பட்டவர்களின் வழித்தோன்றல்களே இன்று நாட்டைத் தாங்குகிறார்கள்.

இத்தனை துயரையும் கடந்து அந்நாட்டை ஒன்றுசேர்ப்பது 'மரிம்பா' என்னும் மரக்கட்டை இசைக்கருவி. அடிமைகளாகக் கொண்டுவரப்பட்ட ஆப்பிரிக்கர்கள் வழியே வந்ததாகக் கருதப்படும் அதனை, மாயா மக்கள் தம் காட்டு மரத்தால் செய்து தமதாக்கிக்கொண்டனர். 1890-களில் கெட்சால்தெனாங்கோ நகரில், பியானோவைப் போல அனைத்துச் சுரங்களையும் இசைக்கும் வகையில் அது விரிவுபெற்றது. 1978-இல் தேசிய இசைக்கருவியாக அறிவிக்கப்பட்டது. பாக்கோ பெரெஸ் இயற்றிய 'ஷெலாஹு நிலவு' மரிம்பாவில் ஒலிக்காத விழா குறைவு. இன்று சாரா குருச்சிச் போன்ற பாடகியர், முன்பு இழிவாகக் கருதப்பட்ட மாயா மொழிகளை மேடையேற்றுகிறார்கள்.

1944 புரட்சிக்குப் பின் முதல் அதிபரான ஹுவான் ஹோசே அரேவலோவின் மகன் பெர்னார்டோ அரேவலோ, 2024 ஜனவரியில் அதிபரானார். அவரது வெற்றியைச் செல்லாததாக்க முயற்சி நடந்தபோது, பல வாரங்கள் சாலைகளை மறித்து மக்களின் தீர்ப்பைக் காத்து நின்றவர்கள் மாயா சமூகத்தினரே.

பெரிய மரிம்பா ஒன்றின் முன் மூவர் நால்வர் தோளோடு தோள் நின்று வாசிப்பார்கள். ஒவ்வொருவருக்கும் அதில் இடமுண்டு. நிலத்தில் அத்தகைய இடம் கிடைக்காதவரை, வளர்ச்சி விழுக்காடுகள் குவாத்தமாலா உழவரின் பசியைத் தீர்க்கப்போவதில்லை.