இன்ஜின் எண்ணெய்க்குத் தனி வெப்ப மீட்டர்: யாருக்குத் தேவை? எங்கே பொருத்துவது? எதில் கவனம்?

புஞ்சாக் ஆலாம் – வார இறுதியில் ஈஜோக், புக்கிட் ரோத்தான், பெஸ்தாரி ஜெயா பக்கம் எந்தத் தாமானுக்குப் போனாலும் போனட்டைத் திறந்து வைத்துக்கொண்டு நிற்கும் இளைஞர்களைப் பார்க்கலாம். ஒருவர் மைவி, இன்னொருவர் பழைய சத்ரியா, வேறொருவர் அப்பா கொடுத்த வீரா. பேச்சு எங்கே தொடங்கினாலும் கடைசியில் மீட்டரில் வந்து நிற்கும். "இன்ஜின் ஆயில் மீட்டர் மாட்டிட்டியா?"

அந்தச் சின்ன வட்ட மீட்டர் அழகுக்காக மட்டுமா? உண்மையில் என்ன சொல்கிறது? தவறாகப் பொருத்தினால் என்ன ஆகும்? வாங்கும் முன் இதைப் படித்துவிடுங்கள்.

'டேஷ்போர்டில் ஏற்கனவே ஒன்று இருக்கிறதே?'

பெரும்பாலோர் கேட்கும் முதல் கேள்வி இது. "ஊசி நடுவுலதானே நிக்குது, அப்புறம் எதுக்கு இன்னொன்னு?"

டேஷ்போர்டில் இருப்பது ரேடியேட்டர் தண்ணீரின் வெப்பம். எண்ணெயின் வெப்பம் அல்ல. தண்ணீரை தெர்மோஸ்டாட் கட்டுப்படுத்துகிறது. பல கார்களில் அது ஏறக்குறைய 85 முதல் 95 டிகிரி செல்சியஸுக்குள் நிற்கும். அதோடு, வெப்பம் கொஞ்சம் ஏறி இறங்கினாலும் ஊசி அசையாமல் நடுவிலேயே நிற்கும்படி பல தயாரிப்பாளர்கள் அமைத்திருக்கிறார்கள். சிறிய கார்கள் பலவற்றில் ஊசியே கிடையாது. குளிராக இருந்தால் நீல விளக்கு, கொதித்தால் சிவப்பு விளக்கு, அவ்வளவுதான்.

பட்டறையில் நாம் 'மினியாக் ஹித்தாம்' என்று சொல்லும் இன்ஜின் எண்ணெய்க்குப் பெரும்பாலான சாதாரண கார்களில் அப்படி ஒரு தெர்மோஸ்டாட் இல்லை. தண்ணீர் சூடாகி 10, 15 நிமிடம் கழித்துத்தான் எண்ணெய் முழுச் சூட்டுக்கு வரும். இன்ஜினை அழுத்தி ஓட்டினால் தண்ணீர் 95-இல் நிற்கும்போதே எண்ணெய் 120-ஐத் தாண்டியிருக்கலாம். டேஷ்போர்டு ஊசிக்கு அது தெரியாது.

எந்தச் சூடு சரியான சூடு?

எண்ணெய்ப் புட்டியில் 5டபிள்யூ-30 என்று போட்டிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். முன்னால் உள்ள எண் குளிரில் எண்ணெய் எப்படி நடந்துகொள்ளும் என்பதைக் காட்டுகிறது. பின்னால் உள்ள 30 என்பது 100 டிகிரியில் அதன் பிசுபிசுப்பைக் காட்டுகிறது. அந்த 100 டிகிரிக்கு அருகில்தான் எண்ணெய் வேலை செய்ய வேண்டும் என்று இன்ஜினும் எண்ணெயும் வடிவமைக்கப்படுகின்றன.

பெரும்பாலான பெட்ரோல் கார்களுக்குப் பொருந்தும் பொதுவான கணக்கு இது:

• 70 டிகிரிக்குக் கீழே: எண்ணெய் இன்னும் கெட்டி. மெதுவாக ஓட்டுங்கள்; இன்ஜினை முறுக்க வேண்டாம்.
• 90 முதல் 110: நல்ல நிலை.
• 120-ஐ நெருங்கினால்: காலைக் கொஞ்சம் எடுங்கள்.
• 130-க்கு மேல் தொடர்ந்து நின்றால்: எண்ணெய் மெலிந்து, சீக்கிரம் கெட்டுப்போகும். வேகத்தைக் குறைத்து, காரணத்தைத் தேட வேண்டும்.

சூடு கூடினால் மட்டும்தான் ஆபத்து என்று நினைக்காதீர்கள். வீட்டிலிருந்து 3 கிலோமீட்டரில் உள்ள கடைக்கும் பள்ளிக்கும் மட்டுமே ஓடும் காரில், தண்ணீர் சூடாகியிருக்கும். எண்ணெய் அரைச் சூட்டிலேயே நின்றுவிடும். எரியாத பெட்ரோலும் ஈரமும் ஆவியாகிப் போக வழியில்லாமல் எண்ணெயோடு கலந்து கிடக்கும். எண்ணெய் மூடியின் உள்பக்கம் தயிர் மாதிரி படிவதைச் சிலர் பார்த்திருப்பீர்கள். வாரம் ஒருமுறை லட்டார் நெடுஞ்சாலையில் அரைமணி நேரம் சீராக ஓட்டினாலே அந்த ஈரத்தில் பெரும்பகுதி போய்விடும். (படிவம் அதிகமாக இருந்து ரேடியேட்டர் தண்ணீரும் குறைந்தால் அது வேறு பிரச்சினை, பட்டறையில் காட்டுங்கள்.)

யாருக்குத் தேவை, யாருக்கு வேண்டாம்?

தினமும் பெர்சியாரான் மொக்தார் டஹாரியில் ஷா ஆலாமுக்கு வேலைக்குப் போய் வரும் சாதாரண காருக்கு இது அவசியமில்லை. காலை நெரிசலில் ஊர்ந்து போனால் ரேடியேட்டரும் விசிறியும் ஒழுங்காக இருப்பதுதான் முக்கியம்.

டர்போ சேர்த்த கார், இன்ஜின் மாற்றிய கார், செப்பாங் பந்தயத் தடத்தில் ஓட்டும் கார், பாரம் ஏற்றிக்கொண்டு கெந்திங் மலை ஏறும் கார் – இவற்றுக்கு இந்த மீட்டர் உண்மையாகவே உதவும். செப்பாங்கில் ஒரு சுற்று 5.543 கிலோமீட்டர். நம்ம வெயிலில் சில சுற்று முழு வேகத்தில் ஓட்டினாலே எண்ணெய் எங்கே போகிறது என்று மீட்டர் காட்டிவிடும்.

இன்னொன்றும் நினைவில் இருக்கட்டும். மீட்டர் எண்ணெயைக் குளிர வைக்காது. சூட்டைச் சொல்லும், அவ்வளவுதான்.

வாங்கும் முன், காரின் ஓபிடி துளையில் ஒரு ரீடரைச் செருகிப் பாருங்கள். தண்ணீர் வெப்பம் அநேகமாக எண்ணாகவே தெரியும். சில கார்களில் எண்ணெய் வெப்பமும் வரும். அப்படி வந்தால் தனி சென்சாரே தேவையில்லை.

மூன்று இடங்கள், மூன்று குணம்

சென்சாரை இன்ஜினில் எங்கே வைக்கிறீர்கள் என்பதுதான் முக்கிய முடிவு.

ஒன்று, ஃபில்டர் பிளேட். எண்ணெய் ஃபில்டருக்கும் இன்ஜினுக்கும் நடுவில் ஒரு அலுமினியத் தட்டு. எண்ணெய் ஓடிக்கொண்டே இருக்கும் இடம் என்பதால் அளவு நம்பத்தகுந்தது. ஃபில்டர் சில சென்டிமீட்டர் வெளியே தள்ளும். அது எக்ஸாஸ்டையோ சஸ்பென்ஷனையோ தொடாமல் இருக்க வேண்டும்.

இரண்டு, எண்ணெய் வடிக்கும் நட்டு. அதை எடுத்துவிட்டு சென்சார் பொருத்தும் நட்டைப் போடுவார்கள். வேலை சுலபம். ஆனால் சென்சார் காரின் அடிவயிற்றில் தொங்கும். தார்ச் சாலை முடிந்து செம்பனைத் தோட்டத்துச் செம்மண் சாலை தொடங்கும் இடங்கள் நம் பக்கம் நிறைய. ஒரு கல் அடித்தால் போதும். தாழ்த்திய காருக்கு இந்த இடம் வேண்டவே வேண்டாம்.

மூன்று, எண்ணெய் அழுத்த சுவிட்ச் இருக்கும் துளையில் 'டி' வடிவக் குழாய். மலிவான வழி. ஆனால் அங்கே எண்ணெய் ஓடுவதில்லை, தேங்கி நிற்கும். மீட்டர் உண்மையைவிடக் குறைவாகவே காட்டும். கனமான சென்சாரை அந்தப் பித்தளைக் குழாயில் தொங்கவிட்டால், அதிர்வில் குழாய் உடைந்த கதைகளும் உண்டு. அழுத்தம் பார்க்க அந்த இடம் சரி. வெப்பம் பார்க்கச் சரியில்லை.

மரை பார்த்து வாங்குங்கள்

தவறு அதிகம் நடப்பது மரையில்தான். பெரோடுவா, டொயோட்டா கார்கள் பலவற்றில் ஃபில்டர் மரை 3/4 அங்குலம், அங்குலத்துக்கு 16 சுற்று. ஹோண்டாவிலும் மிட்சுபிஷி இன்ஜின் கொண்ட பழைய புரோட்டோன்களிலும் எம்20 × 1.5. 3/4 அங்குலம் என்றால் 19.05 மில்லிமீட்டர். கண்ணுக்கு இரண்டும் ஒன்று மாதிரித்தான் இருக்கும். மாற்றிப் போட்டால் இறுகியது போலத் தோன்றும். அழுத்தம் ஏறும்போது பிடி விட்டுவிடும்.

சென்சார் மரையும் அப்படித்தான். அமெரிக்க முறை 1/8 என்பிடி, அங்குலத்துக்கு 27 சுற்று. ஜப்பானிய முறை 1/8 பிடி, 28 சுற்று. ஒன்றில் மற்றொன்று சில சுற்று போகும், பிறகு கடிக்கும். "கொஞ்சம் டைட்டா இருக்கு, அழுத்திப் போடு" என்று யாராவது சொன்னால் அங்கேயே நிறுத்துங்கள்.

வாங்கி வந்ததும் ஒரு சோதனை. இந்த சென்சார்களில் பெரும்பாலானவை சூடு ஏற ஏற மின்தடை குறையும் வகை. மல்ட்டிமீட்டரை ஓம்ஸில் வைத்து, சென்சார் நுனியைச் சுடுதண்ணீரில் விடுங்கள். எண் சீராக இறங்க வேண்டும். மீட்டரையும் இணைத்துப் பார்த்தால், கொதிக்கும் தண்ணீரில் 100 டிகிரிக்கு அருகில் காட்ட வேண்டும். புஞ்சாக் ஆலாம் உயரமான மலை இல்லை. தண்ணீர் இங்கே 100-இல்தான் கொதிக்கும்.

பொருத்தும்போது

ஃபில்டர் பிளேட் முறைக்கான வரிசை இது. எண்ணெய் மாற்றும் நாளிலேயே செய்தால் ஒரே வேலையாக முடியும்.

1. சமமான சிமெண்டுத் தரையில் நிறுத்துங்கள். ஜேக்கியை மட்டும் நம்பிக் காருக்கு அடியில் போகாதீர்கள். ஸ்டாண்டு வைத்தே ஆக வேண்டும். இன்ஜின் ஆறியிருக்கட்டும். பேட்டரியின் நெகட்டிவ் வயரைக் கழற்றிவிடுங்கள்.

2. பழைய எண்ணெயை வடித்து, ஃபில்டரைக் கழற்றுங்கள். ஃபில்டரின் பழைய ரப்பர் வளையம் இன்ஜினில் ஒட்டிக்கொண்டு நிற்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள். இரண்டு வளையம் ஒன்றின் மேல் ஒன்றாக உட்கார்ந்தால் எண்ணெய் பீச்சியடிக்கும்.

3. பிளேட்டின் ரப்பர் வளையத்தில் புது எண்ணெய் தடவி, நடு போல்ட்டைத் தயாரிப்பாளர் சொன்ன அளவுக்கு மட்டும் இறுக்குங்கள். பிறகு புது ஃபில்டர். ரப்பர் தொட்டபின் கையால் முக்கால் சுற்று.

4. சென்சார் மரை கூம்பு வடிவம். உள்ளே போகப் போக இறுகும். கையால் முடிந்தவரை போட்டு, ஸ்பேனரில் ஒன்று அல்லது இரண்டு சுற்று போதும். அதற்கு மேல் போனால் அலுமினியம் விரிசல் விடும். சீலண்ட் கொஞ்சமாகப் போடுங்கள். நுனியில் இரண்டு மரையை விட்டுவிடுங்கள். வெள்ளை டேப்பின் துணுக்கு எண்ணெய்க்குள் போனால் மெல்லிய எண்ணெய் வழிகளை அடைக்கும். ஒரே வயர் கொண்ட சென்சாருக்கு அந்த மரைதான் எர்த். டேப்பை நிறையச் சுற்றினால் மீட்டர் தவறாகக் காட்டும்.

5. வயரை எக்ஸாஸ்ட், பெல்ட், விசிறி மூன்றிலிருந்தும் தள்ளிக் கொண்டு போங்கள். இரும்புச் சுவரில் ரப்பர் வளையம் உள்ள துளை வழியாகத்தான் உள்ளே வர வேண்டும். சாவி போட்டால் மட்டும் மின்சாரம் வரும் இணைப்பில், ஃபியூஸோடு எடுங்கள்.

6. காற்றுப்பை வயர்களைத் தொடவே கூடாது. அவற்றின் இணைப்பு வழக்கமாக மஞ்சள் நிறத்தில் இருக்கும். முன்கண்ணாடித் தூணில் பக்கவாட்டுக் காற்றுப்பை உள்ள கார் என்றால், அந்தத் தூணில் மீட்டரைப் பொருத்த வேண்டாம். விபத்தில் காற்றுப்பை விரியும்போது மீட்டர் முகத்துக்கு வரும். சாலையை மறைக்கும் இடத்திலும் வைக்காதீர்கள்.

முதல் பத்து கிலோமீட்டர்

எண்ணெய் ஊற்றி இன்ஜினை எழுப்புங்கள். சிவப்பு எண்ணெய் விளக்கு சில வினாடியில் அணைய வேண்டும். அணையவில்லை என்றால் உடனே நிறுத்துங்கள். அணைந்தால், ஒருவர் இன்ஜினை ஓட விட, இன்னொருவர் விளக்கடித்து பிளேட்டைச் சுற்றிப் பாருங்கள். தாமானுக்குள்ளேயே ஒரு சுற்று, மறுபடி பாருங்கள். 10 கிலோமீட்டர், மறுபடி பாருங்கள். பிளேட்டும் கொஞ்சம் எண்ணெய் குடித்திருக்கும். அளவுக்கம்பியைப் பார்த்துச் சேருங்கள். அன்று இரவு காருக்கடியில் ஒரு அட்டையைப் போட்டு வையுங்கள். காலையில் கறை இருக்கிறதா இல்லையா என்று அட்டையே சொல்லிவிடும்.

இத்தனை தடவை ஏன்? சிறிய காரில் இருப்பதே ஏறக்குறைய 3 லிட்டர் எண்ணெய். நெடுஞ்சாலை வேகத்தில் மரை பிடி விட்டால், அது காலியாகச் சில நிமிடமே போதும்.

அந்த நேரத்தில் உங்கள் புது மீட்டர் காப்பாற்றாது. எண்ணெய் போய்விட்டால் சென்சாரைச் சுற்றி இருப்பது காற்று. மீட்டர் குறைவாகக்கூடக் காட்டலாம். உண்மையைச் சொல்வது அந்தச் சிவப்பு விளக்கு மட்டும்தான். அது எரிந்தால் "அடுத்த டோல் வரைக்கும் போயிடலாம்" என்று நினைக்காதீர்கள். ஓரமாக நிறுத்தி, இன்ஜினை அணைத்து, பாதுகாப்பான இடத்தில் நின்று உதவிக்கு அழையுங்கள். வண்டியை இழுத்துப் போகும் செலவு ஒரு நாள் சம்பளத்தில் முடியலாம். பிடித்துப்போன இன்ஜினுக்கு மாதச் சம்பளமும் போதாது.

மீட்டர் பொய் சொல்லுமா?

சொல்லும். இந்த வகை சென்சாரில் வயர் அறுந்தால் மீட்டர் அடிமட்டத்தில் நிற்கும். வயர் உரசி எர்த்தைத் தொட்டால் உச்சத்துக்குப் போகும். எண்ணெய் ஒரே நொடியில் 90-இலிருந்து 150-க்குப் போகாது. எண் குதித்தால் முதலில் வயரைப் பாருங்கள். மெல்ல மெல்ல ஏறினால் நம்புங்கள்.

உத்தரவாதமும் பழைய எண்ணெயும்

உத்தரவாதக் காலம் முடியாத கார் என்றால், பொருத்தும் முன் சேவை மையத்தில் கேளுங்கள். பிளேட்டிலிருந்து எண்ணெய் கசிந்து இன்ஜின் போனால், அதை அவர்கள் ஏற்க மறுக்கலாம்.

வடித்த எண்ணெயைச் சாக்கடையிலோ தோட்டத்துக் கால்வாயிலோ ஊற்றாதீர்கள். 2005-ஆம் ஆண்டுச் சுற்றுச்சூழல் விதிமுறையின்படி, பயன்படுத்திய எண்ணெய் எஸ்டபிள்யூ 305 என்ற அட்டவணைக் கழிவு. நம்ம பக்கத்துக் கால்வாய்கள் பல சிலாங்கூர் ஆற்றில்தான் சேர்கின்றன. கம்போங் குவாந்தான் மின்மினிப் பூச்சிகள் வாழ்வதும் அந்த ஆற்றங்கரையில்தான். பழைய எண்ணெயை அதே புட்டியில் ஊற்றி, பழைய எண்ணெய் எடுத்துக்கொள்ளும் பட்டறையில் கொடுத்துவிடுங்கள்.

கையில் ஸ்பேனர் பிடித்துப் பழக்கமில்லை என்றால், மீட்டரை நீங்கள் வாங்குங்கள். பொருத்தும் வேலையைத் தெரிந்த மெக்கானிக்கிடம் விடுங்கள். அவரிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "அண்ணே, இந்த ஃபில்டர் என்ன மரை?" அளந்து பார்த்துச் சொல்பவரிடம் காரை விடலாம்.