அடுக்களைப் புகையும் எருமுட்டையும்

நமது கிராமங்களில் வீடு கட்டும்போது கூடத்திற்கும் திண்ணைக்கும் களஞ்சியத்திற்கும் செலுத்தப்படும் கவனம் அடுக்களைக்குச் செலுத்தப்படுவதில்லை. நெல் புழுங்கிப் போகாதிருக்க மூட்டைகளின் அடியில் கட்டைகளை இட்டுக் காற்றோட்டத்திற்கு வழி செய்யும் விவசாயி, தம் வீட்டு ஸ்திரீகள் நாள்தோறும் மூன்று நான்கு மணி நேரம் உட்கார்ந்திருக்கும் அறைக்கு ஒரு சிறு சாளரமேனும் வைக்கத் தவறிவிடுகிறார். எரிவாயு உருளை அநேக வீடுகளுக்கு வந்துவிட்ட இக்காலத்திலும், வெந்நீர் போடவும், நெல் அவிக்கவும், கையில் பணம் முடைப்படும் மாதங்களில் சோறு பொங்கவும் விறகும், பருத்திமாரும், எருமுட்டையும் எரிந்துகொண்டுதான் இருக்கின்றன.

புகை என்றவுடன் உத்திரத்தில் படிந்து தொங்கும் கரியே நம் நினைவுக்கு வருகிறது. கண்ணுக்குத் தெரியும் அக்கரியைவிடக் கண்ணுக்குத் தெரியாத துகள்களே அதிகத் தீங்கு விளைவிப்பவை. களத்தில் நெல் தூற்றும்போது பறக்கும் பெருந்தூசியை மூக்கும் தொண்டையும் பெரும்பாலும் தடுத்துவிடும். தும்மலிலும் சளியிலும் அது வெளியேறும். புகையில் உள்ள துகள்களோ பெரும்பாலும் இரண்டரை மைக்ரானுக்கும் சிறியவை. ஒரு மைக்ரான் என்பது மில்லி மீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. தலைமயிர் ஒன்றின் கனத்தில் இருபதில் ஒரு பங்குக்கும் குறைவான இத்துகள்கள் சுவாசாசயத்தின், அதாவது நுரையீரலின், கடைசிக் காற்றறைகள் வரையில் சென்று தங்கிவிடுகின்றன. மிக நுண்ணியவை இரத்தத்திலும் கலக்கின்றன. குழந்தைகளுக்குக் கபவாத ஜுரம், பெரியவர்களுக்கு நாள்பட்ட மூச்சடைப்பு, மாரடைப்பு, பக்கவாதம், நுரையீரல் புற்று ஆகியவை இதனால் மிகுதியாகின்றன. வீட்டினுள் எழும் இப்புகையால் 2020-ஆம் வருஷத்தில் உலகமெங்கும் சுமார் 32 லட்சம் பேர் மாண்டனர் என்றும், அவர்களில் 2,37,000-க்கு மேற்பட்டோர் ஐந்து வயது நிரம்பாத குழந்தைகள் என்றும் உலக சுகாதார ஸ்தாபனம் கணித்துள்ளது. தாயின் இடுப்பிலோ முதுகுப்புறத்திலோ இருக்கும் குழந்தை, தாய் சுவாசிக்கும் காற்றையே சுவாசிக்கிறது.

இப்புகையை முதன்முதலாக நன்கு அளந்து பார்த்தவர்களுள் கிர்க் ஸ்மித் என்னும் அமெரிக்க நிபுணர் ஒருவர். அவரும் இந்திய சகாக்களும் குஜராத் கிராமங்களில் சமைக்கும் பெண்களின் உடையிலேயே அளவு கருவியைப் பொருத்தி ஆராய்ந்து, 1983-இல் முடிவை வெளியிட்டார்கள். சமையல் வேளையில் ஒரு கன மீட்டர் காற்றில் சராசரி 7 மில்லி கிராம் அளவுக்குத் துகள் இருந்தது. இது பெருந்துகளும் நுண்துகளும் சேர்ந்த எடை. நுண்துகள் மட்டில் ஒரு நாள் சராசரி 0.06 மில்லி கிராமைத் தாண்டலாகாது என்பது நம் தேசத்தில் 2009-இல் வெளிக்காற்றுக்கு விதிக்கப்பட்ட வரம்பு. இரண்டையும் நேருக்கு நேர் ஒப்பிடுதல் கணக்கில் சரியன்று எனினும், வித்தியாசம் எத்தகையது என்பதை எவரும் உணரலாம்.

அடுக்களைப் புகையால் எறும்பும் வண்டும் அண்டா. அடுப்புக்கு மேல் தொங்கவிட்ட சோளக்கதிர் விதைக்குக் கெடாமல் இருக்கும் என்று பெரியோர் கூறுவர். அது உண்மையே. ஆனால் விதையை நன்றாக உலர்த்திச் சாம்பல் கலந்து மூடி வைத்தாலும் வண்டைத் தடுக்கலாம். அதற்காக மனிதரைப் புகையில் வைக்க வேண்டுவதில்லை.

எருமுட்டையின் புகை விறகின் புகையினும் கடுமையானது. அதனால் விளையும் நஷ்டமும் இரட்டிப்பு. 1889-இல் இந்தியாவுக்கு வந்த டாக்டர் வோயல்கர் என்னும் ரசாயன சாஸ்திரி, 1893-இல் வெளியான தமது அறிக்கையில், குடியானவன் சாணத்தை எரிப்பது அறியாமையால் அன்று, விறகு கிடைக்காமையால்தான் என்று எடுத்துக் காட்டினார். சாணத்தை எரிக்கையில் அதிலுள்ள தழைச்சத்து காற்றோடு போய்விடுகிறது. சாம்பலில் எஞ்சுவது சாம்பல்சத்தும் சிறிது மணிச்சத்துமே. ஆகவே எருமுட்டை எரிக்கும் வீட்டில் பெண்களின் மூச்சும் வயலின் உரமும் ஒரே அடுப்பில் போகின்றன. நான்கைந்து மாடுகள் உடையோர் சாண எரிவாயுக் கலன் அமைத்துக்கொள்வதே இதற்குச் சிறந்த பரிகாரம் என்பது எமது அபிப்பிராயம். இரண்டு கன மீட்டர் கலனுக்கு நாளொன்றுக்குச் சுமார் 50 கிலோ சாணமும் அதற்குச் சமமான தண்ணீரும் வேண்டும். எரிவது வாயு மாத்திரமே. தழைச்சத்து பெரும்பாலும் வெளிவரும் குழம்பில் தங்கி வயலுக்குச் சேரும்.

மாடு குறைந்தவர்களுக்குப் புகைபோக்கி வைத்த அடுப்பு உண்டு. 1980-களின் மத்தியிலிருந்து 2002 வரையில் சர்க்கார் இத்தகைய அடுப்புகளைச் சுமார் மூன்றரைக் கோடி அளவில் நாடெங்கும் பரப்பியது. அவற்றுள் பல சில வருஷங்களிலேயே கைவிடப்பட்டன. பின்னர் ஒடிசாவில் 44 கிராமங்களில் நான்கு வருஷம் நடைபெற்ற ஆராய்ச்சி காரணத்தைத் தெளிவாக்கிற்று. முதல் வருஷத்தில் புகை குறைந்தது. பிறகு அடுப்பைப் பழுது பார்க்காமலும், ஒழுங்காக உபயோகிக்காமலும் விட்டதால் பயன் இல்லாது போயிற்று. ஏர்க்கொழு தேய்ந்தால் உடனே கொல்லன் பட்டறைக்கு எடுத்துச் செல்லும் நாம், புகைக்குழாய் அடைபட்டால் வருஷக்கணக்கில் பார்த்துக்கொண்டிருப்பது விந்தையே.

எரிவாயு அடுப்பைப் பற்றியும் ஒன்று சொல்லவேண்டும். நமது விழுப்புரம், நாகப்பட்டினம் மாவட்டங்களையும் குவாத்தமாலா, பெரு, ருவாண்டா தேசங்களையும் சேர்த்து நடத்திய பரிசோதனை ஒன்றில், 3,200 கர்ப்பிணிகளுள் பாதிப் பேருக்கு எரிவாயு இலவசமாக அளிக்கப்பட்டது. விறகு எரித்தவர்கள் சுவாசித்த நுண்துகள் கன மீட்டருக்கு 71 மைக்ரோ கிராம் அளவில் இருக்க, எரிவாயு பெற்றவர்களுக்கு அது 24 ஆகக் குறைந்தது. ஆயினும் பிறந்த குழந்தைகளின் எடையில் சொல்லத்தக்க வித்தியாசம் இல்லை என்று 2022-இல் வெளியான முடிவு கூறிற்று. இதைக் கொண்டு புகை தீங்கற்றது என்று வாதிப்பது பிழை. மூச்சடைப்பும் இருதய நோயும் பல வருஷப் புகையால் வருபவை. பிரசவத்துக்கு முந்திய சில மாதங்களில் அவற்றை அளக்க இயலாது. அன்றியும் உலக சுகாதார ஸ்தாபனம் 2021-இல் வகுத்த ஒரு நாள் வரம்பு 15 மைக்ரோ கிராம்தான். ஒரு வீட்டில் எரிவாயு இருந்து பக்கத்து வீட்டில் விறகு எரிந்தால், புகைக்குச் சுவர் ஏது?

புதிதாக வீடு கட்டுவோரும், பண்ணை வேலைக்காரருக்குக் குடியிருப்பு அமைத்துத் தருவோரும் அடுப்புக்கு நேர் மேலே கூரையில் புகை செல்லத் திறப்பும், எதிரெதிர்ச் சுவர்களில் சாளரங்களும் வைக்கவேண்டும். புகைக்குழாய் கூரைக்கு மேல் இரண்டு மூன்று அடி உயர்ந்திருத்தல் அவசியம். ஓலைக் கூரையாயின் குழாய் ஓலையைத் தொடாதபடி இடைவெளி விட்டுத் தகரம் அடிக்காவிடில் நெருப்பு அபாயம் உண்டு. விறகை மழைக்கு முன்பே பிளந்து அடுக்கி உலர்த்திக்கொள்க; ஈர விறகே அதிகம் புகையும். வெந்நீர் அடுப்பையும் நெல் அவிக்கும் அடுப்பையும் வீட்டினுள் வைக்காமல் கொல்லைப்புறச் சார்ப்புக்கு மாற்றுவதற்குச் செலவு ஏதுமில்லை. கிராம அதிகாரிகள் சத்துணவுக் கூடங்களைப் பார்வையிடுகையில் அரிசிக் கணக்கோடு புகைபோக்கியையும் பார்ப்பது நலம். குழாயினுள் படியும் கரியை மாதம் ஒரு முறை நீண்ட மூங்கில் நுனியில் சாக்குத்துணி சுற்றித் தள்ளிவிடவேண்டும். அவ்வேலையை அடுப்பு அணைந்து ஆறியபின், வாயையும் மூக்கையும் துணியால் கட்டிக்கொண்டு, வீட்டு ஆண்மக்களே செய்யலாம்.