விழித்திரையின் கடைமடை

தஞ்சை வட்டாரத்தில் முறை வைத்துத் தண்ணீர் விடும் நாட்களில், ராத்திரி மடை திறக்க வீட்டுக்கு ஓர் ஆள் போயாக வேண்டும். போனவர் வரப்பு தெரியாமல் வாய்க்காலில் காலை விட்டால், "மாலைக்கண்ணு, முருங்கைக்கீரை தின்னு" என்பார்கள். வைட்டமின் ஏ குறைந்திருந்தால் சரியான வைத்தியம்தான். கீரைக்கு மசியாத மாலைக்கண் ஒன்றும் உண்டு. ரெட்டினிடிஸ் பிக்மென்டோசா என்ற பரம்பரை விழித்திரை நோயின் முதல் அறிகுறி அது. உலகில் சுமார் 4,000 பேரில் ஒருவருக்கு இது இருக்கிறது. தாய்மாமன், அத்தை மகன் என்று சொந்தத்திலேயே பெண் கொடுக்கும் குடும்பங்களில் ஆபத்து கூடுதல். பழுதான ஒரே மரபணு இரண்டு பக்கமிருந்தும் பிள்ளைக்கு வந்து சேரலாம்.

தஞ்சை மன்னர் இரண்டாம் சரபோஜி (ஆட்சி 1798–1832) கண் நோயாளிகளின் விவரங்களை வண்ணப் படங்களோடு எழுதி வைக்கச் செய்தவர். அந்தச் சுவடிகள் சரசுவதி மகால் நூலகத்தில் இருக்கின்றன. ஆனால் அவர் காலத்தில் கண்ணின் முன்பக்கத்தைத்தான் பார்க்க முடிந்தது. உயிருள்ளவரின் விழித்திரையைக் காட்டும் கருவியை ஹெல்ம்ஹோல்ட்ஸ் வெளியிட்டது 1851-ல்.

விழித்திரையில் மங்கிய வெளிச்சத்துக்கான குச்சிச் செல்கள் சுமார் 12 கோடி. பகலுக்கும் நிறத்துக்கும் எழுத்துக்குமான கூம்புச் செல்கள் சுமார் 60 லட்சம். இந்த நோயில் பழுது பெரும்பாலும் குச்சிச் செல்களின் மரபணுவில்தான். அவை முதலில் சாகின்றன, இரவுப் பார்வை போகிறது. பிறகு, எந்தப் பழுதும் இல்லாத கூம்புகளும் ஏன் சாக வேண்டும்?

பசிதான் காரணம் என்கிறது கடந்த இருபதாண்டு ஆராய்ச்சி. உடம்பின் பெருந்தீனிக்காரத் திசுக்களில் விழித்திரையும் ஒன்று. ஆக்சிஜன் தாராளமாக இருந்தும் அது குளுக்கோஸை முழுக்க எரிப்பதில்லை. பெரும்பகுதியை லாக்டேட்டாக மாற்றிவிடுகிறது. புற்றுக்கட்டிகளில் இதே பழக்கத்தைக் கண்ட ஓட்டோ வார்பர்க், 1920களிலேயே விழித்திரையிலும் அதைக் கவனித்தார். இன்னொரு விசித்திரம், வெளிச்சத்தைவிட இருட்டில்தான் இந்தச் செல்களுக்குச் செலவு அதிகம். இருட்டில் சோடியம் உள்ளே வந்துகொண்டே இருக்கும். அதை வெளியே இறைத்துக்கொண்டே இருக்க வேண்டும்.

ரத்தத்திலுள்ள குளுக்கோஸ் இவற்றுக்கு நேராக வருவதில்லை. பின்னாலிருக்கும் நிறமிப் படலத்தைத் தாண்டி வர வேண்டும். தலைமடைக்காரர் விட்டால்தான் கடைமடைக்குத் தண்ணீர் என்பது டெல்டாவில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. குச்சிகள் நலமாக இருக்கும்வரை அவை வெளியேற்றும் லாக்டேட்டைத் தின்று நிறமிப் படலம் பசியாறுகிறது. குளுக்கோஸைத் தொடாமல் முன்னே அனுப்பிவிடுகிறது. குச்சிகள் செத்தால் லாக்டேட் வற்றும். படலம் குளுக்கோஸில் கை வைக்கும். கூம்புகள் காயும். சியாட்டிலில் ஜேம்ஸ் ஹர்லியின் குழு 2017-ல் முன்வைத்த கணக்கு இது.

போதாக்குறைக்கு, குச்சிகள் சுரக்கும் ஒரு புரதமும் நின்றுபோகிறது. பாரிஸில் லெவெய்யார், சாஹெல் இருவரும் 2004-ல் அடையாளம் கண்ட அந்தப் புரதம்தான் கூம்புகள் குளுக்கோஸை உள்ளே இழுக்க உதவுகிறது என்று 2015-ல் தெரிந்தது. ஹார்வர்டில் புன்ஸோவும் செப்கோவும் 2009-ல் நோயுள்ள எலிகளுக்கு இன்சுலின் கொடுத்தபோது கூம்புகள் கொஞ்ச காலம் கூடுதலாகத் தாங்கின. இதைப் படித்துவிட்டு யாரும் சீனியை அள்ளிப் போட்டுக்கொள்ள வேண்டாம். தட்டுப்பாடு ரத்தத்தில் இல்லை, பங்கீட்டில்.

இந்நோய்க்குக் காரணமான மரபணுக்கள் 80-க்கு மேல். 2017-ல் அமெரிக்கா அனுமதித்த மரபணு மருந்து அவற்றில் ஒன்றுக்கு மட்டும். விலையோ நமக்கு எட்டாக்கனி. மரபணுவுக்கு ஒன்றாக மருந்து தேடுவதைவிட, எந்தப் பழுதானாலும் கூம்புகளுக்குச் சோறு போகும் வழியைத் தேடுவதே ஏழை நாடுகளுக்கு உதவும் என்று எனக்குப் படுகிறது. பாரிஸ் புரதத்தை மனிதக் கண்ணில் சோதிக்கத் தொடங்கியிருக்கிறார்கள். அது பலன் தரும்வரை, பூரண குணம் என்று விளம்பரம் செய்பவர்களிடம் பணத்தைக் கொடுக்காதீர்கள்.

பொழுது சாய்ந்தால் தடுமாறும் பிள்ளையைக் கண்ணில் சொட்டு மருந்து விட்டு விழித்திரையைப் பார்க்கும் மருத்துவரிடம் கூட்டிப் போங்கள், உடன்பிறந்தவர்களையும்தான். எழுத்து படிக்க முடிந்தாலும், பார்வைப் பரப்பு 40 டிகிரிக்குக் கீழே சுருங்கினால் 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டப்படி அது குறைபார்வை, 10 டிகிரிக்குக் கீழே பார்வையின்மை. "பேப்பர் படிக்கிறவனுக்கு எதுக்கு மாற்றுத்திறனாளிச் சான்றிதழ்?" என்று யாராவது கேட்டால், பார்வைப் பரப்புப் பரிசோதனையின் அறிக்கையை எடுத்து நீட்டுங்கள்.