சீனக் காரும் நாரணமங்கலம் டயரும்

சீனாவின் முதல் பெரிய மோட்டார் ஆலைக்கு 1953இல் சாங்சுன் நகரில் அடிக்கல் நாட்டப்பட்டது. சோவியத் உதவியுடன் மூன்றே ஆண்டில் அங்கிருந்து வெளிவந்தது லாரி. கார் என்பது அந்நாட்டில் நெடுங்காலம் அதிகாரிகளுக்கு மட்டுமே உரியதாக இருந்தது. 1984இல் ஃபோக்ஸ்வாகன் ஷாங்காயில் கூட்டு ஒப்பந்தம் போட்டது. வெளிநாட்டு நிறுவனம் உள்ளூர்ப் பங்காளியைச் சேர்த்துக்கொண்டே கார் தயாரிக்க வேண்டும் என்ற விதியால் தொழில்நுட்பம் மெல்ல மெல்ல உள்நாட்டுக்குக் கைமாறியது. 2009இல் சீனா உலகின் மிகப் பெரிய வாகனச் சந்தையானது. 2023இல் ஜப்பானை முந்தி ஏற்றுமதியிலும் முதலிடம் பிடித்தது. 2024இல் அங்கே உற்பத்தியான வாகனங்கள் 3 கோடிக்கும் மேல்.

பெட்ரோல் எஞ்சினில் ஜெர்மனிக்கும் ஜப்பானுக்கும் இருந்த பல பத்தாண்டு அனுபவத்தை எட்டிப்பிடிப்பது கடினம். சீனா எலெக்ட்ரிக் கார் வழியாக அந்தப் போட்டியையே சுற்றிக்கொண்டு போய்விட்டது. 1995இல் ஷென்செனில் பேட்டரி நிறுவனமாகத் தொடங்கிய பி.ஒய்.டி., 2003இல்தான் கார்த் தொழிலுக்குள் வந்தது. அதன் பலம் இரும்பு பாஸ்பேட் பேட்டரி. விலை உயர்ந்த கோபால்ட்டும் நிக்கலும் இதற்குத் தேவையில்லை. ஒரே எடையில் சற்றுக் குறைவான மின்சாரமே தேங்கும். ஆனால் எளிதில் தீப்பிடிக்காது, ஆயுளும் அதிகம். நீண்ட பட்டையான செல்களை நெருக்கி அடுக்கும் முறையை 2020இல் கொண்டுவந்து, மின்தேக்கக் குறையையும் ஓரளவு ஈடுகட்டியது. எலெக்ட்ரிக் கார் விலையில் பெரும்பங்கு பேட்டரிக்கே என்பதால், பேட்டரியை மலிவாக்கியவர் கையில் சந்தை சிக்கியது.

இந்தியாவில் நிலைமை வேறு. எல்லை நாடுகளின் முதலீட்டுக்கு அரசின் முன் அனுமதி வேண்டும் என்று 2020 ஏப்ரலில் விதி வந்தது. கார் ஆலைத் திட்டத்தோடு வந்த சீனாவின் கிரேட் வால் நிறுவனம் 2022இல் திரும்பிப் போனது. திருச்சி–சென்னை நெடுஞ்சாலையில் பெரம்பலூரைக் கடக்கும் வண்டிகளில் சீனக் கார் இன்னும் குறைவுதான்.

சீன டயர் அப்படியல்ல. காருக்கு வெகு முன்பே வந்துவிட்டது. அரியலூரைச் சுற்றிச் சுண்ணாம்புக்கல்லும் சிமெண்டும் ஏற்றும் லாரிகளைப் பார்த்தாலே டயர்ச் செலவு எத்தகையது என்று புரியும். லாரித் தொழிலில் டீசலுக்கு அடுத்தபடியாகக் கையைக் கடிப்பது டயர். மலிவான சீன லாரி டயர்கள் குவிந்ததால் 2017இல் பொருள் குவிப்புத் தடுப்பு வரி விதிக்கப்பட்டது. 2020 ஜூனில் டயர் இறக்குமதிக்கே உரிமம் கட்டாயமானது. உள்நாட்டு ஆலைகள் மூச்சுவிட்டன. பெரம்பலூர் மாவட்டம் நாரணமங்கலத்தில் இயங்கும் எம்.ஆர்.எஃப். ஆலையும் இந்தப் போட்டிக் களத்தில்தான் நிற்கிறது.

எலெக்ட்ரிக் காரில் எஞ்சின் இல்லை, சைலன்சர் இல்லை, கியர் பெட்டியும் எளிமையாகிவிட்டது. டயர் மட்டும் போகவில்லை. அதன் வேலை கூடிவிட்டது. பேட்டரியால் வண்டி கனக்கிறது. மிதித்த மாத்திரத்தில் முழு முறுக்குவிசையும் சக்கரத்துக்குப் போவதால் ரப்பர் விரைவில் தேய்கிறது. உருளும்போது வீணாகும் ஆற்றல் குறைந்தால்தான் ஒரு சார்ஜில் போகும் தூரம் கூடும். எஞ்சின் சத்தம் இல்லாததால், முன்பு கவனிக்கப்படாத டயர் இரைச்சல் காதில் விழுகிறது. ஆகவே ரப்பர் கலவையில் கார்பன் கரிக்குப் பதிலாக சிலிகாவைக் கூட்டுகிறார்கள். கந்தகம் கலந்த இந்தக் கலவை கம்பி, துணி அடுக்குகளோடு சேர்ந்து உருவானதும், அச்சுக்குள் 150 டிகிரிக்கு மேற்பட்ட சூட்டில், அழுத்தத்தில் சில நிமிடங்கள் வேகிறது. க்யூரிங் எனப்படும் இந்தக் கட்டத்தில்தான் ஒட்டும் ரப்பர் உறுதியான டயராகிறது.

சீனத் தொழிலுக்குச் சிக்கல்களும் உண்டு. உள்நாட்டில் விலைப் போர் லாபத்தைத் தின்கிறது. 2024இல் சீன எலெக்ட்ரிக் கார்களுக்கு அமெரிக்கா 100 சதவீத வரி விதித்தது. ஐரோப்பிய ஒன்றியம் 35.3 சதவீதம் வரை கூடுதல் வரி போட்டது. மறுபுறம், மோட்டார் காந்தத்துக்கு வேண்டிய அரிய மண் தனிமங்களின் ஏற்றுமதியை 2025 ஏப்ரலில் சீனா இறுக்கியதில் இந்திய ஆலைகளும் தவித்தன. வரித் தடையைத் தாண்ட, டயரில் சீன நிறுவனங்கள் வேறு வழி கண்டுவிட்டன: தாய்லாந்து, வியட்நாம், கம்போடியாவில் ஆலைகள் எழுப்பிவிட்டன. இயற்கை ரப்பர் அங்கேயே விளைகிறது. இந்தியாவோ தனக்கு வேண்டியதில் ஒரு பகுதியை அந்த நாடுகள் உள்ளிட்ட தென்கிழக்காசியாவிலிருந்துதான் வாங்குகிறது.