மாகாண சபைத் தேர்தலை இந்தியா ஏன் திரும்பத் திரும்பக் கேட்கிறது? இலங்கையின் 13-வது திருத்தம் - முழு விளக்கம்

கடலூர் மாவட்டம் விருத்தாசலத்தை அடுத்த மங்கலம்பேட்டை ஒரு பேரூராட்சி. 2016 அக்டோபரில் தமிழ்நாடு முழுக்க உள்ளாட்சிப் பிரதிநிதிகளின் பதவிக்காலம் முடிந்தது. 2022 பிப்ரவரி 19-ல் நகர்ப்புற உள்ளாட்சித் தேர்தல் நடக்கும்வரை மங்கலம்பேட்டை உட்பட எந்தப் பேரூராட்சியிலும் தலைவர் கிடையாது, கவுன்சிலர் கிடையாது. தனி அலுவலர்தான் எல்லாம். சுமார் ஐந்தரை ஆண்டுகள் இப்படியே ஓடியது. தெருவிளக்கு எரியவில்லை என்றால் உரிமையோடு போய் நிற்க ஒரு வீட்டு வாசல் இல்லாத காலம் அது.

இதே நிலைமை ஒரு பேரூராட்சிக்கு இல்லாமல் ஒரு மாநில அளவிலான சட்டசபைக்கே வந்தால்? அதுவும் உள்நாட்டுப் போருக்கு நடுவே, "இனி நீங்களே உங்களை ஆளலாம்" என்று சொல்லிக் கொடுக்கப்பட்ட சபைக்கு வந்தால்? இலங்கையின் வடக்கு, கிழக்கு மாகாணங்களில் நடந்துகொண்டிருப்பது அதுதான். இந்தியப் பிரதமரும் வெளியுறவு அமைச்சரும் கொழும்பு போகும்போதெல்லாம் "மாகாண சபைத் தேர்தல்", "13-வது திருத்தம்" என்ற வார்த்தைகள் செய்தியில் வருவது இதனால்தான்.

13-வது திருத்தம் என்றால் என்ன?

இலங்கை அரசியலமைப்பில் 1987 நவம்பரில் செய்யப்பட்ட திருத்தம் இது. முக்கியமாக இரண்டு விஷயங்களைச் செய்தது. ஒன்று, தமிழும் ஆட்சிமொழி என்று அரசியலமைப்பில் எழுதப்பட்டது. 1956-ல் சிங்களம் மட்டுமே ஆட்சிமொழி என்று சட்டம் வந்து, 31 ஆண்டுகள் கழித்து நடந்த மாற்றம் அது. இரண்டு, நாட்டின் 9 மாகாணங்களுக்கும் தேர்ந்தெடுக்கப்பட்ட மாகாண சபை, முதலமைச்சர், அமைச்சரவை என்ற அமைப்பு உருவானது.

நம்ம ஊர் மாநில அரசு மாதிரியா என்றால், பார்க்க அப்படித்தான் இருக்கும். ஆனால் அதிகாரத்தில் பெரிய வித்தியாசம். இலங்கை ஓர் ஒற்றையாட்சி நாடு. மாகாண ஆளுநரை நியமிப்பவர் ஜனாதிபதி. மாகாணத்தின் நிர்வாக அதிகாரம் சட்டப்படி அந்த ஆளுநரின் கையில்தான் இருக்கிறது.

இதில் இந்தியா எப்படி வந்தது?

1983 ஜூலையில் யாழ்ப்பாணத்தில் 13 ராணுவ வீரர்கள் கொல்லப்பட்டதைத் தொடர்ந்து, கொழும்பு உள்ளிட்ட பகுதிகளில் தமிழர்கள் மீது பெரும் வன்முறை நடந்தது. படகேறித் தமிழ்நாட்டுக்கு அகதிகள் வரத் தொடங்கினார்கள். பிரதமர் இந்திரா காந்தி முதலில் நரசிம்ம ராவை அனுப்பினார். பிறகு மூத்த ராஜதந்திரி ஜி.பார்த்தசாரதி சிறப்புத் தூதராகக் கொழும்புக்கும் டெல்லிக்கும் இடையே பேசிக்கொண்டிருந்தார்.

1985-ல் இன்னொரு அண்டை நாடான பூட்டான் தன் தலைநகர் திம்புவில் இடம் கொடுத்தது. இலங்கை அரசும் தமிழர் தரப்பும் அங்கே நேருக்கு நேர் உட்கார்ந்தன. தமிழர் ஒரு தேசிய இனம், அவர்களுக்கென்று தாயகம், சுயநிர்ணய உரிமை, தீவிலுள்ள எல்லாத் தமிழருக்கும் குடியுரிமை என்ற நான்கு கோரிக்கைகளைத் தமிழர் தரப்பு வைத்தது. முதல் மூன்றையும் இலங்கை அரசு ஏற்கவில்லை. பேச்சு முறிந்தது.

1987-ல் வடமராட்சியில் ராணுவ நடவடிக்கை தீவிரமானது. ஜூன் 4-ம் தேதி இந்திய விமானங்கள் யாழ்ப்பாணத்தில் உணவுப் பொருட்களை வானிலிருந்து போட்டன. அடுத்த எட்டு வாரத்துக்குள், ஜூலை 29-ம் தேதி, ராஜீவ் காந்தியும் ஜே.ஆர்.ஜெயவர்தனேவும் கொழும்பில் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார்கள். அதன் பலன்தான் 13-வது திருத்தம்.

இந்தியா இதை வெறும் இரக்கத்தில் மட்டும் செய்யவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். ஒப்பந்தத்தோடு பரிமாறிக்கொண்ட கடிதங்களில், இந்தியாவின் நலனுக்கு எதிராகத் திருகோணமலைத் துறைமுகத்தை எந்த நாட்டின் ராணுவமும் பயன்படுத்தக் கூடாது என்ற உறுதியும் வாங்கப்பட்டது.

ஒப்பந்தம் ஏன் அமைதியைக் கொண்டு வரவில்லை?

இதற்கு முன்பு கையெழுத்தான ஒப்பந்தங்களும் இருக்கின்றன. 1957-ல் பண்டாரநாயக்க - செல்வநாயகம் ஒப்பந்தம், 1965-ல் டட்லி - செல்வநாயகம் ஒப்பந்தம். இரண்டும் சிங்களத் தரப்பின் எதிர்ப்பால் கைவிடப்பட்டன. அந்த இரண்டும் பேப்பரோடு நின்றன. 1987 ஒப்பந்தம் சட்டமானது. அந்த வகையில் இது ஒரு படி மேல்.

ஆனால் ஒப்பந்தம் இரண்டு நாடுகளுக்கு இடையே போடப்பட்டது. யாருக்காகப் போடப்பட்டதோ அந்தத் தமிழர் தரப்பு அதில் கையெழுத்திடவில்லை. விடுதலைப் புலிகள் மனதார ஏற்கவில்லை. தெற்கே ஜே.வி.பி-யும் இதை எதிர்த்து ஆயுதம் தூக்கியது. சில மாதங்களிலேயே இந்திய அமைதி காக்கும் படைக்கும் புலிகளுக்கும் சண்டை மூண்டது. 1990 மார்ச்சில் படை திரும்பியபோது ஆயிரத்துக்கும் மேற்பட்ட இந்திய வீரர்கள் உயிரிழந்திருந்தனர். யாழ்ப்பாணத்துப் பொதுமக்களும் பலர் பலியாகியிருந்தனர். 1987 அக்டோபரில் யாழ்ப்பாண மருத்துவமனைக்குள் நடந்த கொலைகளை அங்குள்ள மக்கள் இன்றும் மறக்கவில்லை. 1991 மே 21-ல் ஸ்ரீபெரும்புதூரில் ராஜீவ் காந்தி கொல்லப்பட்டார். அதன் பிறகு இந்தியா நேரடி மத்தியஸ்தத்தில் இருந்து விலகி நின்றது. 2002-ல் போர்நிறுத்தத்துக்கு நடுவில் நின்று பேசிய நாடு நார்வே.

வடக்கு - கிழக்கு இணைப்பு என்ன ஆனது?

1987 ஒப்பந்தப்படி வடக்கும் கிழக்கும் தற்காலிகமாக ஒரே மாகாணமாக இணைக்கப்பட்டன. இணைப்பு தொடரலாமா என்று கிழக்கு மக்களிடம் வாக்கெடுப்பு நடத்த வேண்டும் என்பது நிபந்தனை. அந்த வாக்கெடுப்பு நடக்கவே இல்லை. ஜே.வி.பி தொடுத்த வழக்கில் இணைப்பு செல்லாது என்று 2006 அக்டோபரில் இலங்கை உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2007 ஜனவரி முதல் இரண்டும் தனித்தனி மாகாணங்கள்.

இதில் முஸ்லிம் மக்களின் கவலையும் இருக்கிறது. கிழக்கில் தமிழர், முஸ்லிம், சிங்களவர் மூன்று தரப்பும் கணிசமாக வாழ்கிறார்கள். 1990 அக்டோபரில் வடக்கிலிருந்த முஸ்லிம்களைப் புலிகள் வெளியேற்றிய காயம் இன்னும் ஆறவில்லை. இணைந்த மாகாணத்தில் நாம் சிறுபான்மைக்குள் சிறுபான்மை ஆகிவிடுவோமோ என்ற பயம் அவர்களுக்கு. நல்லிணக்கம் என்றால் சிங்களவர் - தமிழர் கணக்கு மட்டும் இல்லை என்பது இதில் புரியும்.

சரி, இப்போது சிக்கல் எங்கே?

மூன்று இடத்தில்.

முதலாவது, காணி. அதாவது நிலம். சட்டத்தின் பட்டியலில் காணி மாகாண சபைக்கு உரியது என்று இருக்கிறது. ஆனால் அரசு நிலம் மத்திய அரசின் வசமே இருக்கும் என்று பின்னிணைப்பு சொல்கிறது. கொள்கை வகுக்க அமைக்க வேண்டிய தேசியக் காணி ஆணைக்குழு இதுவரை அமைக்கப்படவில்லை.

இரண்டாவது, காவல்துறை. மாகாணத்துக்கென்று தனிப் போலீஸ் பிரிவு இருக்க வேண்டும் என்பது சட்டத்தில் எழுதியிருக்கிறது. எந்த அரசும் அதை நடைமுறைக்குக் கொண்டு வரவில்லை.

மூன்றாவது, தேர்தல். போர் முடிந்து நான்கு ஆண்டுகள் கழித்து, 2013 செப்டம்பரில்தான் வடக்கு மாகாண சபைக்கு முதல் தேர்தல் நடந்தது. 38 இடங்களில் 30-ஐ தமிழ்த் தேசியக் கூட்டமைப்பு பிடித்தது. முன்னாள் உச்ச நீதிமன்ற நீதிபதி சி.வி.விக்னேஸ்வரன் முதலமைச்சரானார். அப்போது ஆளுநராக இருந்தவர் ஓய்வுபெற்ற ராணுவ அதிகாரி. ஐந்து ஆண்டும் இழுபறியிலேயே போனது. கிழக்கு மாகாண சபையின் காலம் 2017-லும், வடக்கின் காலம் 2018-லும் முடிந்தது. 2019-க்குள் 9 சபைகளும் காலாவதியாகிவிட்டன.

பிறகு ஏன் தேர்தல் இல்லை? 2017-ல் தேர்தல் முறையையே மாற்றி ஒரு சட்டம் வந்தது. புதிய தொகுதிகளைப் பிரித்து அறிக்கை தயாரானது. 2018-ல் நாடாளுமன்றம் அதை நிராகரித்தது. பழைய முறை சட்டத்தில் இல்லை, புதிய முறைக்குத் தொகுதி இல்லை. அந்த ஓட்டையை அடைக்க ஒரு சட்டத் திருத்தம் போதும். அதைச் செய்யாமலேயே ஆண்டுகள் போயின. 2025 முடியும்வரை தேர்தல் நடக்கவில்லை. ஆளுநர்கள்தான் மாகாணங்களை நடத்துகிறார்கள்.

தமிழ்த் தரப்பு ஒரே குரலில் பேசுகிறதா?

இல்லை. 2022 ஜனவரியில் இரா.சம்பந்தன் உள்ளிட்ட தலைவர்கள், 13-வது திருத்தத்தை முழுமையாக நடைமுறைப்படுத்த வலியுறுத்துமாறு பிரதமர் மோடிக்குக் கடிதம் எழுதினார்கள். இதுவே இறுதித் தீர்வு அல்ல, முதல் படி என்பது அவர்கள் வாதம். ஒற்றையாட்சிக்குள் கிடைக்கும் எதுவும் எங்களுக்குத் தீர்வாகாது என்று கஜேந்திரகுமார் பொன்னம்பலம் தரப்பு 13-ஐயே நிராகரிக்கிறது.

இந்தியாவின் பேச்சு எடுபடுகிறதா?

கையில் கொடுக்க முடிந்த விஷயங்களில் எடுபட்டிருக்கிறது. போருக்குப் பிறகு வடக்கு, கிழக்கு, மலையகத்தில் இந்திய நிதியில் 50,000 வீடுகள் திட்டம், யாழ்ப்பாணம் வரை மீண்டும் ரயில் பாதை, 2023-ல் நாகப்பட்டினம் - காங்கேசன்துறை கப்பல் எனப் பட்டியல் நீளும். 2022 பொருளாதார நெருக்கடியில் சுமார் 400 கோடி டாலர் உதவி போனது. ஆனால் அந்த உதவியைக் காட்டி அதிகாரப் பகிர்வை வாங்க முடியவில்லை. அழுத்தினால் கொழும்பு சீனாவின் பக்கம் சாயும் என்ற கணக்கும் டெல்லிக்கு உண்டு. ஐ.நா. மனித உரிமைகள் பேரவையில் 2012, 2013-ல் இலங்கை மீதான தீர்மானங்களை ஆதரித்த இந்தியா, 2014, 2021, 2022-ல் வாக்களிக்காமல் ஒதுங்கியது.

தமிழ்நாட்டுக்கும் ஒரு சங்கடம் இருக்கிறது. நம் கடற்கரையின் இழுவைப் படகுகள் எல்லை தாண்டிப் போய் வலையை அறுப்பதாகப் புகார் சொல்பவர்கள் யாழ்ப்பாணம், மன்னாரின் தமிழ் மீனவர்கள்தான். ஒரு பக்கம் உரிமைக்குக் குரல், மறு பக்கம் கடலில் மோதல் என்றால் அந்தக் குரலின் எடை குறையத்தான் செய்யும்.

இனி கவனிக்க வேண்டியது என்ன?

1987-ல் ஒப்பந்தத்தை எதிர்த்த அதே ஜே.வி.பி-யின் தலைவர் அநுர குமார திசாநாயக்கதான் இன்று ஜனாதிபதி. 2024 நவம்பர் தேர்தலில் அவருடைய தேசிய மக்கள் சக்தி 225-ல் 159 இடங்களைப் பிடித்தது. யாழ்ப்பாண மாவட்டத்திலும் 6-ல் 3 இடங்களை வென்றது. புதிய அரசியலமைப்பு கொண்டு வருவோம், அதுவரை மாகாண சபைத் தேர்தலை நடத்துவோம் என்பது அவர்கள் வாக்குறுதி. 2025 ஏப்ரலில் கொழும்பு சென்ற பிரதமர் மோடி, அரசியலமைப்பை முழுமையாக நடைமுறைப்படுத்தி மாகாண சபைத் தேர்தலை நடத்துவார்கள் என்ற எதிர்பார்ப்பை ஜனாதிபதி பக்கத்தில் இருக்கும்போதே சொன்னார். அடுத்த மாதமே நடந்த உள்ளாட்சித் தேர்தலில் வடக்கின் பல சபைகளில் தமிழரசுக் கட்சி முன்னிலை பெற்றது. யாழ்ப்பாணம் தன் முடிவை மாற்றிச் சொல்ல ஆறு மாதம் போதுமானதாக இருந்தது.

மூன்றில் இரண்டுக்கும் மேல் பெரும்பான்மை உள்ள அரசுக்குத் தேர்தல் சட்டத்தைத் திருத்துவது கஷ்டமில்லை. எனவே பார்க்க வேண்டிய முதல் அடையாளம் அந்தத் திருத்த மசோதா. அடுத்தது, புதிய அரசியலமைப்பின் வரைவில் மாகாண சபை இருக்கிறதா, இருந்தால் காணியும் போலீஸும் யார் கையில் என்பது.

தமிழ்நாட்டின் மறுவாழ்வு முகாம்களில் இன்னும் பல்லாயிரம் பேர் இருக்கிறார்கள். கடலூர் மாவட்டத்திலும் அப்படிப்பட்ட முகாம்கள் உண்டு. இங்கேயே பிறந்து, இங்கேயே படித்து, இங்கேயே கல்யாணம் கட்டிய ஒரு தலைமுறை அங்கே வளர்ந்துவிட்டது. 2019 குடியுரிமைத் திருத்தச் சட்டத்தில் அவர்களுக்கு இடமில்லை. திரும்பிப் போகலாமா என்று அவர்கள் யோசிக்கும்போது, அப்பாவின் காணி கிடைக்குமா, தமிழில் புகார் எழுதிக் கொடுத்தால் வாங்கிக்கொள்ளும் போலீஸ் நிலையம் இருக்குமா என்றுதான் கேட்கிறார்கள். 13-வது திருத்தத்தில் நடைமுறைக்கு வராமல் நிற்கும் இரண்டு அதிகாரங்களும் இந்த இரண்டு கேள்விகளைப் பற்றியவைதான்.